நரிப்பாறை ஓடை மணல்

அப்பாவின் கட்டிலுக்கடியில் மூட்டை இல்லை.

உமைமா தரையில் முட்டி போட்டு, தலையைச் சாய்த்து, கையை நீட்டித் துழாவினாள். பழைய செருப்பு ஒரு ஜோடி வந்தது. மடித்துவைத்த தொழுகைப் பாய் வந்தது. அரை மூட்டை மணல் என்ன குண்டூசியா, துழாவித் தேடுவதற்கு? இருந்தால் கண்ணில் பட்டிருக்கும். அது அவளுக்கும் தெரியும். இருந்தாலும் கை நிற்கவில்லை. அந்த மூட்டை போனால் ஐந்து வருஷப் படிப்பு போன மாதிரி.

அண்ணி இஃப்ரா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தேடற உமைமா?"

"இங்க ஒரு மூட்டை இருந்துச்சே அண்ணி, வெள்ளச் சாக்கு. மணலு."

"அதா? அத உங்க பாய்ஜான் எடுத்துக்கினு போய்ட்டாரு."

"எங்க?"

இஃப்ராவின் கையில் கரண்டி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கபருக்குதான். மாமா மேல போடறதுக்கு."

அப்பா இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதி முடிந்து இன்னும் ஒரு நாள்கூட ஆகவில்லை. கூடத்தில் விருந்துக்கு விரித்த ஜமக்காளம் அப்படியே கிடந்தது. உமைமா எழுந்து அதன்மேல் உட்கார்ந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த மணலின் கதையைச் சொல்லாமல் அவள் கலக்கத்தைச் சொன்னால் யாருக்கும் புரியாது. மணலுக்குப் போய் ஒரு பெண் இப்படி உட்காருவாளா என்றுதான் கேட்பார்கள்.

உமைமா வடக்கே, இமயமலை அடிவாரத்து ஊர் ஒன்றில் நிலவியல் ஆராய்ச்சி செய்பவள். கூடப் படிக்கிற எல்லோரும் வாசலில் இருக்கிற இமயமலையைப் பற்றி எழுத, இவள் மட்டும் ரயில் ஏறி ஆம்பூருக்கு வந்து, ஜவ்வாது மலை ஓடைகளில் மணல் அள்ளிக்கொண்டு போவாள். தங்கச் சுரங்கத்தின் மேல் குடிசை போட்டுக்கொண்டு தகரம் பொறுக்கப் போகிறாள் என்று கேலி செய்வார்கள். செய்யட்டும். பிறந்ததிலிருந்து மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற மலை அவளுக்கு அதுதான்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். தேய்ந்த மலை எழும்பும் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நடப்பது என்னவோ அதுதான். மலை என்பது பூமியின் மேலோட்டின்மேல் ஏற்றிவைத்த பாரம். அந்த மேலோடு, அடியில் சூட்டில் இளகிக் கிடக்கும் பாறையில் அழுந்தி நிற்கிறது. மழை பெய்யப் பெய்ய மலை நொறுங்கி மணலாகி, ஓடையோடும் ஆற்றோடும் கடலுக்குப் போகிறது. பாரம் குறைந்தால் அழுந்தியிருந்தது மேலே வரத்தானே செய்யும்? மழை அதிகம் தின்ற பக்கம் அதிகம் எழும்பும். ஒரு மலை எவ்வளவு உயரம் நிற்கும் என்பதில் அடியில் இருக்கிற நெருப்புக்கு எவ்வளவு பங்கோ, மேலே பெய்கிற மழைக்கும் அவ்வளவு பங்கு உண்டு. இளம் மலைகளில் இதைக் காட்டிவிட்டார்கள். ஆடி அடங்கிய கிழட்டு மலை என்று எல்லோரும் கைகழுவிய ஜவ்வாதிலும் மழை இதைச் செய்கிறதா என்பதுதான் உமைமாவின் கேள்வி.

அப்பா அப்துல் வஹீத், ஊரில் தோல் ஷாப் என்று சொல்கிற தோல் பதனிடும் ஆலையில் தோலைத் தரம் பிரிக்கிற வேலையில் இருந்து ஓய்ந்தவர். மகள் என்ன படிக்கிறாள் என்று பள்ளிவாசல் வாசலில் கேட்பவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை என்பது அவருக்குப் பெரிய பேஜார். ஒருநாள் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுவிட்டார்.

"லாரியில உப்புத்தோல் வருது, மண்டியாண்ட நிக்குது. சக்கரத்து மேல இருக்கற வில்லுப் பட்டை எப்படி இருக்கும்ப்பா?" என்று இவள் திருப்பிக் கேட்டாள்.

"அழுந்திக் கெடக்கும். சக்கரத்த தொடற மாதிரி."

"கட்டு கட்டா எறக்கினா?"

"மேல வரும்."

"அதான் மலை."

அவர் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். "அப்போ மழதான் எறக்கற கூலிக்காரன்" என்றார். அன்று சாயங்காலமே டீக்கடை முழுக்கச் சேதி பரவிவிட்டது. வஹீத் பாய் மகள் மலையை நிறுக்கிறாளாம், மலை எழும்புகிறதாம். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. அதற்குப் பிறகு ஃபோனில் நலம் விசாரிக்கிறதுக்கு முன்னால் அவர் கேட்கிற கேள்வி, "மலை எழும்புதா?" என்பதுதான்.

மலை எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதை மணல் சொல்லும். வானத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் ஓயாமல் விழுந்துகொண்டிருக்கின்றன. பாறையின் மேல்பரப்பில் இருக்கிற வெள்ளைக்கல்லில் அவை ஒருவகைப் பெரிலியம் அணுக்களைக் கொஞ்சம் கொஞ்சமாக உண்டாக்கும். கல் எவ்வளவு காலம் மேலே கிடந்ததோ அவ்வளவு சேரும். மலை வேகமாகத் தேய்ந்தால் கல் நெடுநாள் தங்காமல் ஓடைக்கு வந்துவிடும், சேர்வது கம்மியாக இருக்கும். ஆகவே ஓடை மணலில் பெரிலியத்தை எண்ணினால் மேலே இருக்கிற சரிவின் வேகம் தெரிந்துபோகும். ஒரே ஒரு நிபந்தனை, மணல் கலப்படம் இல்லாமல் இருக்க வேண்டும். மேலே ரோடு போட்டிருக்கக் கூடாது, குவாரி தோண்டியிருக்கக் கூடாது, வெளியூர் மண் வந்து விழுந்திருக்கக் கூடாது.

கிழக்குச் சரிவில் இருக்கிற நரிப்பாறை ஓடை அப்படிப்பட்டது. கடலிலிருந்து வருகிற மழைமேகத்தை முதலில் முட்டுகிற பக்கம் அது. உமைமா அங்கே மூட்டையாக அள்ளி, பாதியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினாள், மீதியை வீட்டில் வைத்தாள். முடிவு வந்தபோது மற்ற ஓடைகளின் புள்ளிகள் எல்லாம் வரைபடத்தின் அடியில் சோம்பிக் கிடக்க, நரிப்பாறை மட்டும் தனியாக உயரத்தில் நின்றது. மழை வாங்குகிற பக்கம் மற்ற பக்கத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் தேய்கிறது. அப்படியென்றால் கிழட்டு மலை இன்னும் எழும்பிக்கொண்டிருக்கிறது, அதுவும் மழையால். உமைமா அன்று விடுதி அறையில் தனியாகக் குதித்தாள்.

அவளுக்கு வழிகாட்டுகிற பேராசிரியை குதிக்கவில்லை. "ஒரு புள்ளியை வைத்து ஒரு மலையைத் தூக்க முடியாது. மீதி மணலையும் அளந்து காட்டு. அதே எண் வந்தால் நானும் உன்னோடு நிற்கிறேன்" என்றார்.

அந்த மீதி மணலைத்தான் காணோம்.

மறுபடி போய் அள்ளலாமே என்றால் அதற்கும் வழியில்லை. அப்பா போன அதே வாரம் மலையில் கொட்டித் தீர்த்த மழையில் நரிப்பாறைச் சரிவு பெயர்ந்து ஓடைக்குள் இறங்கிவிட்டது. உமைமா போய்ப் பார்த்தாள். தண்ணீர் போன வழியே தெரியவில்லை. ஆழத்திலிருந்து வந்த புது மண், ஆள் உயரத்துக்குச் சிவப்பாகக் கிடந்தது. வானத்தைப் பார்த்தே இராத மண் அது. அதை அள்ளி அளந்தால் பொய்தான் வரும். அந்த ஓடையின் பழைய கணக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு சாக்கு மூட்டையில் மட்டும் மிச்சம் இருந்தது.

அண்ணன் காஷிஃப் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"பாய்ஜான், கட்டிலாண்ட இருந்த மணலு..." என்று ஆரம்பித்தாள்.

"ஆங். சொல்லணும்னே இருந்தேன்." அவன் முகம் மலர்ந்தது. அப்பா போனதிலிருந்து அவள் பார்க்காத முகம் அது. "நீ வந்ததுலேர்ந்து அழுதுக்கினே இருந்த, எங்க சொல்றது? அப்பா மேல இருக்கறது உன் மணலுதான்."

உமைமா எடுத்த கரண்டியை மறுபடி கிண்ணத்தில் வைத்தாள்.

"அன்னிக்கி இன்னா மழ தெரியுமா? குழி தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுது. மஞ்சத் தண்ணி. நம்ம தோல் ஷாப்பு வாசன அடிக்குது அதுல. வாளி வாளியா எறச்சோம். மேல போடறதுக்கு எம்-சாண்ட் கொண்டாந்து வெச்சிருந்தானுங்க, கல்லு அரச்ச தூளு. பாலாத்துல மணலு எங்க இருக்குது இப்போ? எனக்கு மனசு ஆறல உமைமா. அந்த மனுஷன் வாழ்நாள் பூரா அந்தத் தண்ணியிலயே நின்னாரு. அடியிலயும் அதே தண்ணி. மேலயாச்சும் சுத்தமா இருக்கட்டும்னு தோணிச்சி. நீதான சொன்ன, அந்த ஓடைக்கு மேல ஒரு வீடு கெடையாது, ரோடு கெடையாது, தோல் ஷாப்புத் தண்ணி ஒரு சொட்டு பட்டது கெடையாதுன்னு."

சொன்னவள் அவள்தான். கூடத்தில் மூட்டையை இறக்கிவைத்த அன்றைக்கு, அம்மா முகம் சுளித்ததைப் பார்த்து, இந்த ஜில்லாவிலேயே இதைவிடச் சுத்தமான மணல் கிடையாது என்று மார் தட்டியிருந்தாள். அதைக் கேட்ட பிறகுதான் அப்பா தன் கட்டிலுக்கடியில் அதற்கு இடம் கொடுத்தார்.

காஷிஃப் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். "எல்லாரும் மூணு மூணு பிடி மண்ணு போட்டாங்க. நீ ரயில்ல இருந்த. மய்யித்த வெச்சிக்கினு காத்திருக்க முடியாதுன்னு பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லிட்டாரு. எனக்கு அதுவேற உறுத்திச்சி. அந்த மூட்டையப் பிரிச்சிக் கொட்டறப்ப, இதான் உமைமா போட்ட மண்ணுன்னு நெனச்சிக்கினேன். உன் கையால அள்ளினதுதான அது?"

உமைமா தலையாட்டினாள். தன் அண்ணன்மேல் அவளுக்கு அவ்வளவு பாசம் இதற்கு முன்னால் பொங்கியதில்லை. அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் என்ற ஆத்திரமும் அதே நிமிஷம் வந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்னதான் செய்வாள்? ரசத்தை எடுத்து அவன் தட்டில் ஊற்றினாள்.

பேராசிரியையிடமிருந்து மறுநாள் ஃபோன் வந்தது. துக்கம் விசாரித்தார். பிறகு, மணலை அளக்கிற கருவியில் அடுத்த மாதம் நமக்கு இடம் கிடைத்திருக்கிறது, இதை விட்டால் இந்த வருஷம் கிடையாது, மணல் பத்திரமாக இருக்கிறதல்லவா என்று கேட்டார்.

"இருக்கிறது மேடம்" என்றாள் உமைமா.

பொய் இல்லை. இருக்கத்தான் செய்கிறது. ஊர் எல்லையில், வேப்ப மரத்துக்குப் பக்கத்தில், அப்பாவின்மேல் இருக்கிறது.

அன்றைக்கு முழுக்க அவள் கணக்குப் போட்டாள். மேலாக விரித்த மணல். அதற்கப்புறம் பெரிய மழை இல்லை. மேல்படலத்தை மட்டும் பதமாக வழித்தால் கீழ்மண் கலக்காது. களிமண் ஒட்டியிருந்தால் கழுவிக்கொள்ளலாம், ஆய்வுக்கூடத்து அமிலத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. ஒரு எவர்சில்வர் டப்பா நிறையக் கிடைத்தால் போதும். அடுத்த மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். எல்லாம் சரிதான், யார் போய் எடுப்பது? அவர்கள் மொஹல்லாவில் பெண்கள் கபரஸ்தானுக்குள் போகிற வழக்கம் இல்லை. அப்பா எந்த இடத்தில் இருக்கிறார் என்பதே அவளுக்கு அண்ணன் சொல்லித்தான் தெரியும்.

சாயங்காலம் காஷிஃப் சட்டையைக் கழற்றி மாட்டும் வரை காத்திருந்து கேட்டுவிட்டாள்.

அவனுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான்.

"இன்னா சொல்ற நீ? அப்பா மேலேர்ந்து அள்ளிக்கினு வரணுமா?"

"மேலாப்புல கொஞ்சம் பாய்ஜான். ஒரு டப்பா."

"மணலு மணலுதான உமைமா? வேற எங்கயாச்சும் அள்ளிக்க. ஏலகிரியில இல்லாத மணலா?"

"அந்த ஓடையோடதுதான் வேணும். அது மூடிப்போச்சி. வேற எங்கயும் கெடையாது. அது இல்லன்னா நான் இத்தினி வருஷம் எழுதினது எல்லாம் குப்ப."

"எனக்குக் கை வருமா?" அவன் குரல் உடைந்தது. "குழிக்குள்ள எறங்கி அவர வாங்கி வெச்சது நானு. நீ ஊர்ல இல்ல. ஆஸ்பத்திரி, குளிப்பாட்டறது, எல்லாம் நானு ஒருத்தன். இப்போ அவர் மேல இருக்கறத நானே வழிக்கணுமா? ஊர்ல யாராச்சும் பாத்தா காறித் துப்ப மாட்டானா, பெத்தவன் கபர்லேர்ந்து மண்ணு எடுக்கறான்னு?"

"நான் இல்லங்கறத சொல்லிக் காட்டறியா? அவரு மொகத்த எனக்குக் காட்டாம மூடினது நீங்க. எனக்குன்னு இன்னா மிச்சம் வெச்சீங்க?"

சொன்ன பிறகுதான் எவ்வளவு பெரிய சொல் என்று தெரிந்தது. உள் அறையில் தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்த அம்மா மஹ்பூபியின் குரல் கேட்டது. கணவன் போன பின் அனுசரிக்கிற இத்தாவில் இருப்பவள், வெளி ஆட்களைப் பார்ப்பதில்லை. இருவரும் வாசலில் போய் நின்றார்கள்.

"உங்கப்பாவக் கேட்டா எடுத்துக்கோடின்னுதான் சொல்வாரு" என்றாள் மஹ்பூபி. "நீ கேட்டு அவரு இல்லன்னது இன்னா இருக்குது? மலை எழும்புது மலை எழும்புதுன்னு டீக்கடையில ஊர்க்காரனையெல்லாம் பிடிச்சிக்கினு இருந்தாரு. அதனால நான் வேணாங்க மாட்டேன். ஆனா எடுக்கறது அவரு கை இல்லியே, உன் பாய்ஜான் கை. ரெண்டு பேரும் அத யோசிச்சிக்கங்க."

அவள் கையில் தஸ்பீஹ் மறுபடி நகர்ந்தது. காஷிஃப் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"வெள்ளிக்கெழம ஜும்மா முடிச்சிட்டுப் போறேன்" என்றான் கடைசியில். "டப்பாவ எடுத்து வெய்யி."

வெள்ளிக்கிழமை வரை உமைமாவுக்குச் சோறு இறங்கவில்லை. வானத்தை வானத்தைப் பார்த்தாள். மேகம் கூடினால் மாடிக்கு ஓடினாள். மழை பெய்தால் மலை எழும்பும் என்று எழுத வந்தவள், மழையே வந்துவிடாதே என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை, வேண்டாம் பாய்ஜான் விட்டுவிடு என்று சொல்லிவிடலாம் என்று கூடம் வரை வந்தாள். சொல்லவில்லை. வரைபடத்தில் தனியாக நிற்கிற அந்தப் புள்ளி அவளைச் சொல்லவிடவில்லை. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

ஜும்மா முடிந்து வெகு நேரம் கழித்துத்தான் காஷிஃப் வந்தான். தொப்பியைக் கழற்றாமல் நேராக வந்து டப்பாவை அவள் கையில் வைத்தான். கனமாக இருந்தது.

"பாத்துக்க. சரியா இருக்குதா?" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கால் கழுவக் கொல்லைப்பக்கம் போய்விட்டான்.

உமைமா டப்பாவோடு மாடிக்கு ஏறினாள். வெயில் நன்றாக இருந்தது. தூரத்தில் ஜவ்வாது மலை நீலமாகப் படுத்திருந்தது. வெள்ளைப் பீங்கான் தட்டில் ஒரு கை மணலைப் பரப்பி, பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தாள்.

ஒரு பார்வையே போதுமாக இருந்தது. இருந்தாலும் அவள் நெடுநேரம் குனிந்தே இருந்தாள்.

மலை ஓடை மணல் அப்போதுதான் பாறையிலிருந்து உடைந்து வந்தது. மூலையும் முனையுமாக, தொட்டால் குத்துகிற மாதிரி இருக்கும். தட்டில் கிடந்த மணிகள் உருண்டையாக, மழுங்கிப்போய் இருந்தன. காததூரம் ஆற்றில் உருண்டு வந்த மணல். நடுவே சின்ன நத்தைக் கூடு ஒன்று உடைந்து கிடந்தது. ஓரத்தில் சிமெண்ட் பொருக்கு. மண் ஒரு துளிகூட ஒட்டியிருக்கவில்லை. இது பாலாற்று மணல். பக்கத்துத் தெருவில் முஸம்மில் வீடு கட்டுவதற்காக என்றைக்கோ வாங்கி, தார்ப்பாய் போட்டுப் பொத்தி வைத்திருக்கிறானே, அந்தக் குவியலிலிருந்து வந்திருக்க வேண்டும்.

அண்ணன் ஏமாற்றிவிட்டான்.

உடம்பெல்லாம் எரிந்தது. டப்பாவைத் தூக்கிக்கொண்டு கீழே போய் அவன் முன்னால் கொட்டலாம் என்று எழுந்தும்விட்டாள். படிக்கட்டின் உச்சியில் நின்றபோது கீழே அவன் தெரிந்தான். கொல்லைக் குழாயடியில் குந்தியிருந்தான். கால் கழுவவில்லை. தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, முழங்கால் வரை அப்பிய களிமண்ணோடு, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தபடி குந்தியிருந்தான்.

போயிருக்கிறான். அது அவளுக்குப் புரிந்துவிட்டது. போய், மண்டியிட்டு, கையை நீட்டியிருக்கிறான். கை வரவில்லை. தங்கையிடம் வெறுங்கையோடு வரவும் முடியவில்லை. மணல் மணல்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முஸம்மில் வீட்டு வழியாக வந்திருக்கிறான். அப்பாவுக்கும் துரோகம் செய்யாமல், தங்கைக்கும் இல்லை என்று சொல்லாமல் அந்த முரட்டு மனுஷன் கண்டுபிடித்த வழி இதுதான்.

உமைமா திரும்பி வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தாள்.

இந்த மணலை அனுப்பலாம். எண் ஒன்று வரும். பாலாறு ஏழு ஊர் மண்ணைக் கலக்கிக் கொண்டுவருவது, அந்த எண் மந்தமாகத்தான் இருக்கும். முதலில் அளந்தது தப்பு, நரிப்பாறை மற்ற ஓடைகளைப் போலத்தான் என்று எல்லோரும் எழுதிக்கொள்வார்கள். மலையின்மேல் பொய் சொன்னதாகிவிடும். உண்மையைச் சொல்லி அண்ணனை மறுபடி அனுப்பலாம். இந்தத் தடவை அவன் கட்டாயம் அள்ளிக்கொண்டு வருவான். அவமானத்திலேயே அள்ளுவான். அதற்குப் பிறகு அந்தக் கைகளை அவன் எங்கே கொண்டுபோய்க் கழுவுவான்?

மூன்றாவதாக ஒரு வழி இருந்தது. அதை நினைக்கும்போதே அழுகை வந்தது. அப்பா இறந்த சேதி கேட்டு ரயிலில் அழுததற்குப் பிறகு அவள் அப்படி அழவில்லை. எதற்காக அழுகிறோம் என்று பிரித்துச் சொல்ல முடியாத அழுகை. அழுது முடித்து, முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு, பேராசிரியைக்கு ஃபோன் போட்டாள்.

"மணல் போய்விட்டது மேடம். என்னுடைய கவனக்குறைவு."

இருக்கிறது என்று நீதானே சொன்னாய் என்று கேட்டார். தப்பாகச் சொல்லிவிட்டேன் என்றாள். எப்படிப் போனது என்றார். வீட்டில் நடந்த விஷயம் என்றாள், அதற்குமேல் சொல்லவில்லை. பேராசிரியை பெருமூச்சு விட்டார். கோபித்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

"அப்படியென்றால் நரிப்பாறையை எடுத்துவிடு உமைமா. அந்த அத்தியாயமே வேண்டாம். மற்றதை வைத்து முடித்துக்கொள்."

அந்த அத்தியாயம்தான் ஆராய்ச்சியே. அதை எடுத்தால் மிச்சம் இருப்பது, ஜவ்வாது மலை மெதுவாகத் தேய்கிறது என்ற செய்தி. அது ஆடு மேய்க்கிறவனுக்கும் தெரியும். மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று ஊரில் கேலி பேசுவார்கள். இவள் எலியைக்கூடப் பிடிக்கவில்லை.

டப்பாவை இறுக மூடி, தேதியும் ஓடைப் பெயரும் எழுதிய சீட்டை அதன்மேல் ஒட்டினாள். எப்போதும் ஒட்டுவதைப் போலவே, காற்றுக் குமிழ் இல்லாமல் விரலால் நீவி ஒட்டினாள். பிறகு அதை எடுத்துக்கொண்டு கீழே போனாள்.

காஷிஃப் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தான். சீட்டு ஒட்டிய டப்பாவைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தான்.

"சரியா இருந்துச்சா?"

"இருந்துச்சி பாய்ஜான்."

"போதுமா? இன்னும் வேணும்னா..." அவன் முடிக்கவில்லை. அந்த இரண்டு சொல்லைச் சொல்வதற்குள் அவன் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"வேணாம். இதுவே ஜாஸ்தி."

அவன் உடம்பு தளர்ந்ததை அவள் பார்த்தாள். நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பேச்சுகூடத் திரும்பிவிட்டது.

"ஜும்மாவுல எல்லாரும் கேட்டாங்க. அப்பா இருந்தா அவரு சொல்லியிருப்பாரு, இப்போ நான்தான சொல்லணும்? என் தங்கச்சி எழுதப்போறா, நம்ம மலை எழும்புதுன்னு புஸ்தகத்துலயே வரப்போகுதுன்னு சொல்லிட்டேன். ஹஜ்ரத்கூட மாஷா அல்லாஹ்ன்னாரு. வந்துடும்ல?"

"வந்துடும்."

உள் அறையிலிருந்து மஹ்பூபி குரல் கொடுத்தாள். "இன்னாடி, முடிவாயிடுச்சா? எழும்புதா, இல்லியா?"

உமைமா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அம்மா தஸ்பீஹை நிறுத்திவிட்டு அவள் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"எழும்புது அம்மீ" என்றாள்.

எழும்புகிறது என்றுதான் அவளும் நம்பினாள். யாரும் மறுக்க முடியாதபடி அதை நிரூபிக்கக்கூடிய மணல் அப்பாவின்மேல் கிடந்தது.